858டி ஹொட் எயர் மெஷின்: பிளக் மாட்ட முதல் ஸ்குரூ டிரைவரை எடுங்கள்

வீட்டு மேசையில் வைத்து எஸ்எம்டி, அதாவது போர்டின் மேற்பரப்பிலேயே ஈயத்தால் ஒட்டுகிற சின்னச் சாமான் வேலை செய்ய, சூடான காற்றால் ஈயம் உருக்குகிற மலிவான 858டி ஹொட் எயர் மெஷின் காணுமா என்று கேட்கிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: காணும். கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது. ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு கரண்டில் மாட்டாதீர்கள், திறந்து உள்ளே வயர் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். முகப்பில் வெப்பநிலை என்று சிவப்பாக எரிகிற அந்த மூன்று இலக்கத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இன்னும் கொஞ்சம் காசு போட்டு இதைவிடப் பெரிய மெஷினாக எடுப்போமா என்று யோசிக்கிறவர்கள் அந்தக் காசை நல்ல பிளக்ஸிலும் (ஈயம் ஒட்டி ஓட உதவுகிற பசை) நல்ல ட்வீசரிலும் போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

எனக்குத் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் வீடு. பகலில் வேறு உத்தியோகம், இரவில் இந்த மேசை. கடற்கரை ஊர் என்பதால் திருத்தச் சொல்லி வருகிற சாமானில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வருத்தம்தான், உப்புக்காற்று. படகில் கொண்டுபோன ஜிபிஎஸ், மீன் தேடும் கருவி, வீட்டுக் கூரையில் ஏற்றிய சோலார் சார்ஜ் கொன்ட்ரோலர், யன்னலோரம் வைத்த ரவுட்டர், எதைத் திறந்தாலும் ஐசி சிப்பின் காலடியில் பச்சை பூத்திருக்கும். செம்பு அரித்த பச்சை அது. மேலால் தேய்த்துவிட்டால் இரண்டு கிழமை ஓடும், பிறகு திரும்பவும் அதே கதை. ஐசியைத் தூக்கி அடியில் துப்புரவாக்கி மறுபடி இருத்தினால்தான் நிற்கும். எட்டுக் கால், பதினாறு கால் உள்ள சிப்பைச் சாதாரண சோல்டரிங் அயனால் தூக்கப் போனால் ஒரு பக்கம் உருகும்போது மற்றப் பக்கம் இறுகிவிடும். பொறுமை இழந்து நெம்பினால் செப்புத் தடம் உரிந்து வரும். எல்லாக் காலும் ஒரே நேரத்தில் உருக வேண்டும் என்றால் சூடான காற்றுத்தான் வழி.

வாங்கின கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருகோணமலை டவுனில் போன் திருத்துகிற கடை ஒவ்வொன்றிலும் இந்த மெஷின் ஒன்று மேசையில் இருக்கும், விற்பனைக்குத்தான் இருக்காது. நான் ஏறி இறங்கிய மின்சாதனக் கடைகளில் 60 வாட் அயன், ஈயக்கம்பி, ஈயம் உறிஞ்சுகிற பம்ப், அவ்வளவோடு ராக்கை முடிந்துவிடுகிறது. கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் ஏறி இறங்கினால் எடுக்கலாம், ஆனால் இரவு ரயிலில் போய் வருகிற செலவையும் களைப்பையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்லைனில் போட்டேன். பதினைந்தாயிரம் ரூபாவுக்குக் கிட்ட முடிந்தது. கூரியர்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார், பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பெட்டிக்குள் மெஷின், கைபிடி மாட்டும் கொக்கி, காற்று வெளியே வருகிற முனையில் மாட்ட அளவுக்கொன்றாகச் சில நொசில், யாருக்கும் விளங்காத ஆங்கிலத்தில் ஒரு தாள். 858டி என்பது ஒரு கொம்பனியின் தனிச் சொத்து இல்லை. பல பெயரில் பல தொழிற்சாலையிலிருந்து வருகிறது, முகப்பில் ஒட்டியிருக்கிற பெயர் மாறும், உள்ளே அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எந்தப் பெயர் நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இப்போது அந்த ஸ்குரூ டிரைவர் விஷயம். எனக்கு வந்த மெஷினில் தட்டை முள் பிளக் இருந்தது, அதை நம் ஊர்ச் சுவரில் மாட்ட ஒரு அடப்டரும் தந்திருந்தார்கள். அடப்டர் எர்த்தைக் கடத்தவே இல்லை. ஒரு பக்கம் எர்த் முள் வெறும் பிளாஸ்டிக், மற்றப் பக்கம் வெறும் துளை. 230 வோல்ட் ஓடுகிற சூடேற்றிக் கம்பியைச் சுற்றி ஓர் உலோகக் குழாய், அந்தக் குழாய்க்கு எர்த் இல்லை, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். யோசித்துப் பாருங்கள். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு 13 ஆம்பியர் சதுர முள் பிளக் ஒன்று போட்டேன், அதற்குள் இருக்கும் பியூசையும் 5 ஆம்பியருக்கு மாற்றினேன். 700 வாட் மெஷின் 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியர்தான் இழுக்கும், 13 ஆம்பியர் பியூஸ் அங்கே காவலுக்கு உதவாது.

மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு டிரான்ஸ்போமர், ஒரு சிறிய போர்டு, சூடேற்றியை ஏற்றி இறக்க டிரையாக் என்ற எலெக்ட்ரோனிக் சுவிட்ச் ஒன்று. பார்க்க வேண்டியது மண்ணிற வயர் எங்கே போகிறது என்பதைத்தான். லைவ் வயர் முதலில் பியூசுக்கும் சுவிட்சுக்கும் போய்விட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும். என்னுடையதில் பியூஸ் நீல வயரில், அதாவது நியூட்ரலில் இருந்தது. அப்படி இருந்தால் பியூஸ் எரிந்து மெஷின் செத்துப்போனது போலத் தெரியும், ஆனால் லைவ் உள்ளே கைபிடி மட்டும் போய் நின்றுகொண்டிருக்கும். இந்த வகை மலிவு மெஷின்களில் இது புதிதும் இல்லை, உலகம் முழுக்கப் பலரும் திறந்து கண்டு சொன்னதுதான். இரண்டு வயரை இடம் மாற்றினால் சரி. பிறகு மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை பிளக்கின் எர்த் முள்ளிலும் மற்ற முனையை நொசில் குழாயிலும் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய பூச்சியம் ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கைபிடிக்குள் எர்த் வயர் இல்லை அல்லது குழாயில் சேர்க்கப்படவில்லை. கரண்ட் வேலை பழக்கமில்லாதவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம், தெரிந்த வயர்மேன் ஒருவரிடம் கொடுங்கள், பத்து நிமிட வேலை.

இன்னொன்று. டிரையாக் பழுதானால் பெரும்பாலும் ஷோர்ட்டாகித்தான் போகும், அதாவது மெஷின் நிறுத்தச் சொன்னாலும் சூடேற்றி எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே வேலை முடிந்தால் சுவர் சுவிட்சையும் அணைக்கிற பழக்கம் வேண்டும். கொக்கியில் வைத்தேன், தானாக ஆறிவிடும் என்று படுக்கப் போகக்கூடாது.

குறை சொன்னது போதும், வேலை எப்படி என்று பார்ப்போம். சூடேறுகிற வேகம் உண்மையில் ஆச்சரியம், 350 டிகிரிக்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. விசிறி கைபிடிக்குள்ளேயே இருப்பதால் பெட்டியிலிருந்து வருவது வயர் மட்டும்தான், பம்ப் வைத்த பழைய 852 வகை மாதிரித் தடித்த ரப்பர்க் குழாய் கையைப் பின்னுக்கு இழுக்காது. அதற்கு விலையாகக் கைபிடி கொஞ்சம் பருமன். நீண்ட நேரம் பிடித்தால் மணிக்கட்டு சொல்லும். கொக்கியில் காந்தம் இருக்கிறது, கைபிடியை அதில் வைத்ததும் உள்ளே இருக்கும் ரீட் சுவிட்ச் அதைக் கண்டு சூட்டை நிறுத்தும், விசிறி மட்டும் ஓடி ஓடி 100 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு நிற்கும். நல்ல ஏற்பாடு. அது நிற்க முதல் முன்சுவிட்சை அணைக்கக்கூடாது, அணைத்தால் குழாய்க்குள் இருக்கிற சூடு முழுவதும் கைபிடிப் பிளாஸ்டிக்குக்கு ஏறும்.

வெப்பநிலை எண்ணை நம்ப வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் குழாய்க்குள் சூடேற்றிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது சொல்வது அந்த இடத்தின் சூடு. நொசிலைத் தாண்டி ஒரு சென்றிமீட்டர் காற்றில் வந்து போர்டில் படுகிற சூடு வேறு. மல்ட்டிமீட்டரோடு வந்த, சூடு அளக்கிற கே-டைப் முனையை நொசிலுக்கு முன் பிடித்துப் பார்த்தேன், முகப்பு 350 என்று சொல்ல மீட்டர் முப்பது நாற்பது டிகிரி குறைத்துச் சொன்னது. நொசிலை மாற்றினால் அந்த இடைவெளியும் மாறியது, காற்றை மாற்றினால் திரும்ப மாறியது. எனவே யாராவது இத்தனை டிகிரி வையுங்கள் என்று எண் சொன்னால் அது அவருடைய மெஷினுக்கும் அவருடைய நொசிலுக்கும் உரிய எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உதவாத போர்டு ஒன்றில் அடித்துப் பார்த்து உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

ஈயம் உருகுகிற கணக்கு மட்டும் மாறாது. 63/37 என்று எழுதிய ஈயக்கம்பி 183 டிகிரியில் சட்டென்று உருகும். தொழிற்சாலையிலிருந்து வருகிற இன்றைய போர்டுகளில் பெரும்பாலும் ஈய உலோகம் கலக்காத எஸ்ஏசி305 என்ற கலவை இருக்கும், அது 217 டிகிரிக்கு மேல்தான் அசையும். பிஸ்மத் கலந்த சோல்டர் பேஸ்ட் (உலோகப் பொடியும் பிளக்ஸும் கலந்த களி) 138 டிகிரியிலேயே உருகும். அப்படியென்றால் 183க்கு ஏன் 320, 350 வைக்கிறோம்? காற்று சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் மட்டம், போர்டில் இருக்கிற செம்போ சூட்டை இழுத்துப் பரப்புவதில் கெட்டி. இரண்டுக்கும் நடுவில் நடக்கிற இழுபறிதான் முழு வேலையும். தொழிற்சாலை போர்டில் இருந்து எதையாவது தூக்குவதாக இருந்தால் நான் முதலில் அயனால் ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் 63/37 கலந்துவிடுவேன். பழைய ஈயத்தோடு அது சேர்ந்ததும் உருகுநிலை இறங்கும், அந்தளவு குறைந்த சூட்டில் சிப் கழன்று வரும்.

காற்றுக் குமிழ் 1 முதல் 8 வரை. புதிதாக வாங்கினவர்கள் எல்லோருக்கும் கை போவது 6, 7 பக்கம். டவுனில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்டப் போன் திருத்துகிற அண்ணை ஒருவர் இருக்கிறார், நான் 0603 அளவு ரெசிஸ்டரை இருத்தப் பாடுபடுகிறதைப் பார்த்துவிட்டு, "தம்பி, அது கடுகை விடச் சின்னன், நீர் ஏன் அதுக்குப் புயல் அடிக்கிறீர்?" என்றார். அவ்வளவுதான் பாடம். 0603 என்றால் நீளம் 1.6 மில்லிமீட்டர், அகலம் 0.8. அதற்குக் கீழே 0402, ஒரு மில்லிமீட்டர் நீளம்தான், மேசையில் தவறினால் கும்பிட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். இவற்றுக்குக் காற்று 2 அல்லது 3, நொசில் கொஞ்சம் அகலமானது. ஒடுங்கிய நொசில் மாட்டினால் துல்லியமாக இருக்கும் என்று மனம் சொல்லும், ஆனால் ஒடுங்க ஒடுங்கக் காற்றின் வேகம் கூடும், பக்கத்தில் இருக்கிறதையும் சேர்த்துத் தள்ளிவிடும். காற்று மிகக் குறைவாக இருந்தாலும் கேடு, சூடேற்றி கண்டபடி ஏறி இறங்கும்.

இந்த மெஷின் தன் விலையை மீட்டுத் தந்த வேலை என்றால் யூஎஸ்பி-சி சார்ஜிங் பின் மாற்றுவது. ஊரில் எல்லோருடைய போனிலும் பவர் பேங்கிலும் ஒருநாள் பழுதாகிறது அதுதான். முதலில் பற்றரியைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுவேன், லித்தியம் பற்றரிக்குப் பக்கத்தில் 350 டிகிரிக் காற்று விளையாட்டு இல்லை. பின்னைச் சுற்றிச் சூடு தாங்குகிற கப்டன் டேப், அதற்கு மேல் அலுமினியத் தாள். கப்டன் டேப் எரியாது, ஆனால் சூட்டைத் தடுத்தும் நிறுத்தாது, அதனால்தான் தாளும் வேண்டும். மைக், பிளாஸ்டிக் கனெக்டர் எல்லாம் இந்தத் தாளுக்குள் ஒளிந்திருக்க வேண்டும். பிறகு பிளக்ஸ் தாராளமாக. நொசிலை எட்டப் பிடித்து வட்டம் வட்டமாகச் சுற்றி முழு இடத்தையும் மெல்லச் சூடாக்குவேன். இந்த முன்சூடு இல்லாமல் நேரே குளிர்ந்த போர்டில் முழுச் சூட்டையும் அடித்தால் பக்கத்தில் இருக்கிற செராமிக் கபாசிட்டர்களில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். இன்றைக்கு வேலை செய்யும், ஒரு மாதம் கழித்து ஷோர்ட்டாகித் திரும்பி வரும், அப்போது ஏன் என்று யாருக்கும் விளங்காது.

பிளக்ஸ் கொதித்து அடங்கி, ஈயம் மங்கலில் இருந்து கண்ணாடி மாதிரி மினுங்கும்போது ட்வீசரால் பின்னை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். தானாக அசைந்தால் மட்டும் தூக்கலாம். அசையாததைத் தூக்கினால் பின்னோடு செப்புத் தடமும் வரும், அதற்குப் பிறகு அது மெல்லிய வயர் போட்டுத் தையல் வேலை. புதிய பின்னை இருத்தும்போது நடப்பதுதான் எனக்கு இன்னும் சலிக்காத காட்சி: கொஞ்சம் கோணலாக வைத்தாலும் ஈயம் உருகியதும் அதன் இழுவிசையே சாமானைத் தடத்துக்கு நேரே இழுத்து நிறுத்தும். சின்ன ஐசியின் முதுகில் ட்வீசரால் ஒரு தொடுகை தொட்டால் அது வழுக்கிப் போய்விட்டுத் திரும்பத் தன் இடத்துக்கே வரும். பிளக்ஸ் காய்ந்து போயிருந்தால் இது நடக்காது, ஈயம் உருண்டையாகத் திரண்டு இரண்டு காலுக்கு நடுவில் பாலம் போடும்.

பிளாஸ்டிக் கனெக்டர்களுக்கு ஒரு உபாயம்: போர்டைப் புரட்டிப் பிடித்துக் கீழ்ப்பக்கத்தில் இருந்து சூடாக்குங்கள். பிளாஸ்டிக் வளைவதற்கு முதல் ஈயம் உருகிவிடும், போர்டு மிகத் தடிப்பாக இல்லாவிட்டால். தகர உருளை மாதிரி நிற்கிற எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காற்று அடிக்கவே வேண்டாம், உள்ளே இருக்கும் திரவம் கொதித்து உப்பும். முதலே கழற்றி வைத்தால் மனநிம்மதி.

மெஷின் தோற்கிற இடம் எது என்றால் பெரிய கிரவுண்ட் செம்பு உள்ள போர்டுகள். அடிவயிற்றில் ஒரு பெரிய தடம் வைத்த ஐசிகள், ஈஎஸ்பி32 மொடியூல், ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரின் அகலக் காது, இவை எல்லாம் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். டிவி மெயின் போர்டு, லப்டொப் போர்டு என்றால் சொல்லவே தேவையில்லை, 700 வாட் காற்று ஒரு பக்கத்தால் கொடுக்கிறதைச் செம்பு மறுபக்கத்தால் கொண்டுபோய்விடும். அப்போது டிகிரியை 420, 430 என்று ஏற்றத் தோன்றும். ஏற்றினால் ஈயம் உருக முதல் போர்டு கருகும், படை படையாகப் பிரிந்து உப்பிவிடும். தீர்வு கீழே ஒரு சூட்டுத் தட்டு. சின்ன பிடிசி தட்டு ஒன்று மெஷினை விட மலிவாகவே கிடைக்கிறது, போர்டை அதில் வைத்து 120, 150 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு மேலால் காற்று அடித்தால் 330லேயே காரியம் முடிகிறது. என்னைக் கேட்டால் முதல் நாளே இரண்டையும் சேர்த்து வாங்குவதுதான் புத்தி. அடுத்த மொடலுக்குப் பாய்வதை விட இது பயன்.

பிளக்ஸ் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், பலர் கோட்டை விடுவது அங்கேதான். ஹாட்வெயார் கடையில் தகர வேலைக்கும் குழாய் வேலைக்கும் ஒரு பசை விற்கிறார்கள், அதில் துத்தநாகக் குளோரைட்டு இருக்கும். ஈயம் அழகாக ஓடும், அடுத்த மழைக்குள் போர்டை அரித்துத் தின்றுவிடும். எலெக்ட்ரோனிக்ஸ் பக்கமே அதைக் கொண்டுவராதீர்கள். ஊசிக் குழாயில் வருகிற பிரபல அம்டெக் பிளக்ஸுக்குச் சந்தையில் போலி கணக்கில்லாமல் உண்டு, விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்ப வேண்டாம். போலியை முகர்ந்து பார்க்கத் தேவையில்லை, சூடு பட்டதும் கறுத்துக் கட்டியாகப் போவதைப் பார்த்தாலே தெரியும். சோல்டர் பேஸ்ட் வாங்கினால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், ஆனால் சாப்பாட்டுச் சாமானோடு வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம், மூடி இறுகிய தனி டப்பாவில் போட்டு வையுங்கள். குளிரில் இருந்து எடுத்ததும் திறக்கவும் வேண்டாம், நம் ஊர் ஈரக்காற்று அதில் வியர்த்துத் தண்ணீராக நிற்கும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

வேலை முடிந்ததும் கழுவுவது. நோ-கிளீன் பிளக்ஸ் என்றால் கழுவத் தேவையில்லை என்று டப்பாவில் எழுதியிருக்கலாம், அது உப்புக்காற்று இல்லாத ஊர்க்காரருக்கு. இங்கே மிச்சம் இருக்கிற பிளக்ஸில் உப்பும் ஈரமும் ஒட்டிக்கொண்டால் பச்சை மறுபடி பூக்கும். பாமசியில் கிடைக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பலர் பாவிக்கிறார்கள், நானும் பாவித்தேன், காய்ந்த பிறகு ஒரு பசைப்படலம் நிற்கிறது. 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோல்தான் சரி, பழைய பல்தூரிகையோடு. படகுக்குத் திரும்பப் போகிற சாமான் என்றால் காய்ந்த பிறகு அக்ரிலிக் பூச்சு ஒரு படை அடித்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

எங்கள் ஊர் வெக்கைக்கும் இந்த மெஷினுக்கும் ஒரு பகை உண்டு. வேலை செய்யும்போது மின்விசிறி போட முடியாது, சாமான் பறக்கும், போர்டு குளிரும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் யன்னலையும் சாத்த வேண்டும். சாத்தினால் பிளக்ஸ் புகை முகத்துக்கு நேரே. ஈயம் இந்தச் சூட்டில் ஆவியாவதில்லை, புகையில் இருப்பது பெரும்பாலும் ரோசின் என்ற மரப்பிசின், அதற்காக அது நல்லது என்று அர்த்தமில்லை, தொழிலாக இதைச் செய்கிறவர்களுக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. பழைய கொம்பியூட்டர் விசிறி ஒன்றை யன்னல் ஓரத்தில் வெளிப்பக்கம் தள்ளும்படி பூட்டியிருக்கிறேன், புகையை இழுக்கும் அளவுக்குக் காணும், போர்டில் காற்றுப் படாது. ஈயம் கைவழியாகத்தான் வயிற்றுக்குப் போகும், எனவே எழும்பினதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் தொட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் மேசையைத் துடைக்கிற துணியும் தனியாக இருக்கட்டும்.

ஒக்டோபரில் மழை தொடங்கி ஜனவரி வரை இன்னொரு தொல்லை. பிளாஸ்டிக் உடம்பு உள்ள ஐசிகள் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதைத் திடீரென்று 250 டிகிரிக்குக் கொண்டுபோனால் உள்ளே நீராவி கட்டிச் சிப் பொரிந்து வெடிக்கும். சிலநேரம் சத்தமும் கேட்கும். வாங்கிய ஐசிகளைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி இறுகிய பால்மா டின்னில் போட்டு வைக்கிறேன். நீண்ட நாள் வெளியில் கிடந்ததை 125 டிகிரியில் பல மணித்தியாலம் காயவைத்துவிட்டு எடுப்பதுதான் முறையான வழி.

கரண்ட் போவதையும் சொல்லாமல் விட முடியாது. 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள், அந்த நிலைமை இப்போது இல்லை, ஆனால் 2025 பெப்ரவரி 9 ஞாயிறு நாடு முழுக்க ஒரே அடியில் போனதே, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று சொன்னார்களே, அந்த நேரம் என் மெஷின் 350இல் ஓடிக்கொண்டிருந்தது. விசிறி நின்றுவிட்டது. வழக்கம்போலக் கொக்கியில் மாட்டினால் நொசில் கீழே பார்க்கும், சூடு மேலே ஏறிக் கைபிடி விசிறியை உருக்கும். நொசிலை வானத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு ஆறும் மட்டும் நின்றேன், மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிறிய வீட்டு யூபிஎஸ்ஸில் இதை மாட்டலாம் என்று நினைக்காதீர்கள், 700 வாட்டை அது தாங்காது.

போன் கடைகளில் சில இடத்தில் குயிக் 861டிடபிள்யூ என்ற ஹொட் எயர் மெஷினைக் கண்டிருப்பீர்கள். 1000 வாட், காற்று பெட்டிக்குள் இருந்து வருகிறது, சூடு ஆடாமல் நிற்கிறது. அதைக் கையில் பிடித்துப் பார்த்தேன், வித்தியாசம் உண்மைதான், விலையிலும் பல மடங்கு வித்தியாசம். நாளுக்குப் பத்துப் போன் திறக்கிறவருக்கு அது நியாயம். கிழமைக்கு இரண்டு மூன்று சாமான் திருத்துகிற, சொந்தமாக ஒரு சின்னப் போர்டு வடிவமைத்து இருத்திப் பார்க்கிற ஆளுக்கு 858டிக்கு மேல் போகக் காரணம் இல்லை. அதேநேரம் மூவாயிரம் நாலாயிரத்துக்குப் பெயின்ட் உரிக்கிற ஹீட் கன் கிடைக்கிறதே, அதால் செய்யலாமே என்கிறவர்களுக்கு: பழைய போர்டில் இருந்து சாமான் உதிர்க்கலாம், இருத்த முடியாது, அது வீசுகிற காற்றில் எஸ்எம்டி நிற்காது. அயனும் காற்றும் ஒரே பெட்டியில் வருகிற 8586 வகையும் இருக்கிறது. கையில் அயனே இல்லாதவர்கள் அதை எடுக்கலாம், ஏற்கனவே நல்ல அயன் இருப்பவர்களுக்கு வீண் செலவு.

மெஷின் வந்த கையோடு சூடேற்றி ஒன்றும் மேலதிகமாக எடுத்துவிடுங்கள், மெஷினில் முதலில் சாவது அதுதான், டவுனில் தேடினால் கிடைக்காது, கொழும்பில் இருந்து வரும் மட்டும் மேசை சும்மா கிடக்கும். எடுக்க முதல் கைபிடியைத் திறந்து உங்கள் மெஷினில் இருப்பதன் படம் ஒன்றை எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். 858 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் வயர் எண்ணிக்கையும் கனெக்டரும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது.